தலைவரின் வெள்ளைச் சட்டை

நகராட்சித் தலைவர் தன் சட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போன அன்றுதான் அவள் அரசியலுக்கு வந்தாள். அதுவரை அவளுக்கும் அரசியலுக்கும் ஓட்டுப் போடுவதோடு சரி.

அப்போது அவள் லாண்டரிக் கடைக்காரி மட்டும். கணவர் துவைப்பார், அவள் இஸ்திரி போடுவாள். வெள்ளைத் துணிக்குப் பேர் போன கடை அது. தலைவர் வெள்ளையைத் தவிர வேறு நிறம் உடுத்தாதவர். அவருடைய சட்டைகள் வாரத்துக்கு ஒரு கட்டு வரும். காலர் அட்டை போல நிற்க வேண்டும் என்பார். நிற்கும்.

கடைக்குப் பின்னால் ஒரு காலி மைதானம் இருந்தது. நகரத்துக் குப்பை முழுவதையும் அங்கே கொட்டலாம் என்று தீர்மானம் போட்டார்கள். அதில் 'தற்காலிகமாக' என்று ஒரு சொல்லும் இருந்தது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் தலைவர். லாரிகள் வர ஆரம்பித்த சில வாரங்களிலேயே அவர் கடை வாசலில் காரை நிறுத்தி இறங்கினார். மடித்து வைத்திருந்த சட்டை ஒன்றைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னம்மா இது, துணியில ஒரு வாடை வருதே. இதைப் போட்டுக்கிட்டு நாலு பேர் நடுவுல எப்படி உட்கார்றது?"

கடையில் அப்போது கூட்டம் இருந்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். துவைத்தது, துவைக்காதது என்று பார்க்காமல் எல்லாச் சட்டைகளையும் வாங்கிக்கொண்டு போனார். கார் திரும்பியதும் மற்றவர்களும் தங்கள் துணியை எடுத்து முகர்ந்து பார்த்தார்கள்.

வாடை வந்தது உண்மைதான். அவளுக்கு ஆறாமல் போனதும் அதனால்தான். பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். மாடியில் காயும் துணி, காற்றில் இருப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்த பிறகு ஒன்றும் தெரியாது. நீராவி இஸ்திரி பட்டதும் குப்பென்று எழும்பும், பெரும்பகுதி ஆவியோடு போய்விடும். நீராவி இல்லாமல், கெட்டியாகக் கஞ்சி போட்டு வெறும் சூட்டில் அழுத்தினால் நாற்றம் நூலுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். உடுத்தியவருக்கு வேர்க்கும்போதுதான் மெல்ல வெளியே வரும். வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக இழந்துதான் அவள் இந்தப் பாடத்தைப் படித்தாள். கடைசியில் மிஞ்சியது துப்புரவுப் பணியாளர்களின் சீருடைகள் மட்டும். அந்தத் துணியை யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை.

அடுத்த தேர்தலில் அவள் சுயேச்சையாக நின்றாள். வார்டு முழுவதும் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்ததால் ஜெயிப்பது சிரமமாக இல்லை.

ஜெயித்த பிறகுதான் சிரமம். ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து ஒரே விஷயத்தைச் சொன்னாள். குப்பையை வீட்டிலேயே பிரிக்கணும், அந்தந்த வார்டுக் குப்பையை அந்தந்த வார்டுலயே மக்க வைக்கணும், ஒரு தெருவை மட்டும் நகரத்துக்குக் குப்பைத்தொட்டி ஆக்கக் கூடாது. தலைவர் பொறுமையாகக் கேட்பார். பிறகு எழுத்தரைப் பார்த்து, "அம்மா சொன்னதைக் குறிப்புல ஏத்திக்குங்க" என்பார். எழுத்தர் ஏற்றிக்கொள்வார். ஒருமுறை குப்பை லாரிகளுக்குத் தார்ப்பாய் போட வேண்டும் என்று அவள் கேட்டபோது, "லாண்டரியம்மா சும்மா இருங்க, விட்டா லாரிக்கும் இஸ்திரி போடச் சொல்வீங்க" என்றார். அவை சிரித்தது. அதிலிருந்து அவள் பெயர் லாண்டரி கவுன்சிலர்.

அவள் சிரிக்கவில்லை. சிரித்தவர்கள் யார் யார் என்று மட்டும் பார்த்துவைத்தாள்.

இப்படியே போயிருக்கும், பசுமை நகர விருது என்று ஒன்று வராமல் இருந்திருந்தால். விருதுக்கு ஒரு சுற்றுச்சூழல் கொள்கை வேண்டும். அதை மன்றம் ஒருமனதாக நிறைவேற்றியிருக்க வேண்டும். மற்ற எல்லோரும் தலைவருடைய ஆட்கள். ஒருமனதுக்குக் குறைந்தது அவளுடைய மனது மட்டும்தான்.

தலைவர் மறுபடியும் கடைக்கு வந்தார். இந்த முறை உள்ளே வந்து, கணவர் தூசு தட்டிப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தார். கைக்குட்டை கையிலேயே இருந்தது.

"என்னம்மா, எப்பப் பார்த்தாலும் எதிர்த்தே பேசிக்கிட்டிருந்தா எப்படி? ஒரு தடவை ஆதரிச்சுத்தான் பாருங்களேன். நகரத்துக்கே பெருமை."

"ஆதரிக்கிறேன் தலைவரே."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. கணவரும் எதிர்பார்க்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"ஒரு வரி சேர்க்கணும்" என்றாள். "குப்பைக் கிடங்கு ஒரே வார்டுல இருக்கக் கூடாது. ஆறு மாசத்துக்கு ஒரு வார்டுன்னு சுத்தி வரணும். ஒண்ணாம் வார்டுல ஆரம்பிக்கணும்."

ஒன்றாம் வார்டு தலைவருடையது. அவர் வீட்டுக்கு எதிரில் நகராட்சிப் பூங்காவுக்கென்று ஒதுக்கி, பூங்கா வராத இடம் ஒன்று இருந்தது.

தலைவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். மனம்விட்டுச் சிரித்தார்.

"இவ்வளவுதானா? அம்மா, நீங்க இன்னும் புதுசாவே இருக்கீங்க. கொள்கைன்னா என்ன தெரியுமா? நல்ல காகிதத்துல அச்சடிச்சு, பைண்டு பண்ணி, அலமாரியில வைக்கிறது. ஒரு வரி என்ன, ஒரு பக்கம் வேணும்னாலும் சேர்த்துக்குங்க."

"சேர்த்துக்கறேன்."

"அதோட சுற்றுச்சூழல் குழுவுக்கு உங்களையே தலைவியாப் போட்டுடறேன். கொள்கைக்கு அம்மான்னு ஒருத்தர் வேணும்ல."

அந்தக் குழு இதுவரை ஒருமுறைகூடக் கூடியதில்லை. அதன் தலைவருக்கு இருந்த ஒரே வேலை, லாரிகள் எங்கே போய்க் கொட்ட வேண்டும் என்ற வழித்தாளில் கையெழுத்திடுவது. எழுத்தர் கொண்டுவரும் தாளில் யாரோ படிக்காமல் போட்டுக்கொண்டிருந்தார்கள். இது தலைவருக்கு நினைவிருந்ததா தெரியாது. லாரி ஓட்டுபவர்களின் சீருடையைத் துவைக்கிறவளுக்குத் தெரிந்திருந்தது.

அன்று சாயங்காலம் கணவர் கேட்டார்.

"நிஜமாவே அங்க கொண்டுபோய்க் கொட்டப் போறியா?"

"தீர்மானம் அப்படித்தானே சொல்லுது."

"வார்டுக்கு வார்டு மக்க வைக்கணும்னு நீதானே கத்திக்கிட்டிருந்தே? அதைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டேன். குறிப்புல ஏத்திக்கிட்டாங்க."

"அந்தத் தெருவுல அவர் மட்டுமா இருக்காரு?"

"நம்ம தெருவுல நான் மட்டுமா இருந்தேன்?"

 அடுப்பைப் பார்த்தபடி, யாருக்கோ சொல்வது போல அவளே தொடர்ந்தாள்.

"அவரு ஒரு நாளாவது ஜன்னலைச் சாத்திக்கிட்டுச் சாப்பிடணுங்க. அவரு சட்டையை அவரே மோந்து பார்க்கணும். அது போதும் எனக்கு."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கைதட்டினார்கள். விருதுக் குழு வரும் நாள் தெரிந்ததும் அவள் வழித்தாளை வாங்கிப் படித்து, கிடங்கு என்ற கட்டத்தில் பழைய இடத்தை அடித்துப் புதிய இடத்தை எழுதிக் கையெழுத்திட்டாள். சீருடை வாங்க வந்த லாரி ஓட்டுநர் தாளைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, இது தலைவர் வீட்டு வாசலாச்சே."

"வாசல் இல்லப்பா. எதிர்ப்பக்கம்."

"நாளைக்கு அங்கதான் ஐயாமாருங்களுக்கு டீ பார்ட்டியாம்."

"தெரியும். கொஞ்சம் சீக்கிரமாவே வந்துடுங்க."

"எங்க வேலைக்கு வம்பு வருமா?"

"கையெழுத்து யாருது, உன்னுதா என்னுதா?"

ஓட்டுநர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் விருதுக் குழுவினர் தலைவர் வீட்டு வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது முதல் லாரி வந்தது. பின்னாலேயே மற்ற லாரிகளும். எதிரிலிருந்த காலி இடத்தில் பின்பக்கமாகத் திரும்பி நின்று, ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொட்டின. தலைவர் எழுந்தார். எழுந்த வேகத்தில் கோப்பையிலிருந்த டீ சட்டையில் சிந்தியது. அதற்குள், ஓரமாக நின்றிருந்த அவள் கொள்கைப் புத்தகத்தைப் பிரித்துக் குழுவிடம் நீட்டிவிட்டாள்.

"சுழற்சி முறைங்க. முதல்ல தலைவர் வார்டுதான். அவரு வற்புறுத்தினாரு."

குழுவில் மூத்தவர் படித்தார், எதிர்ப்பக்கம் பார்த்தார், மறுபடி படித்தார்.

"நாங்க எத்தனையோ ஊர் பார்த்துட்டோம். எல்லாரும் கொள்கையைக் காட்டுவாங்க. குப்பையைத் தன் வீட்டு எதிர்ல கொட்டிக் காட்டின தலைவரை இப்பதான் பார்க்கறோம்."

தலைவருடைய வாய் திறந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

"தலைவர்னா முன்மாதிரியா இருக்கணும் இல்லீங்களா."

விருது உறுதியானது. அதனால் லாரிகளைத் திருப்பவும் முடியவில்லை. விருது கைக்கு வரும்வரை யாரும் எதையும் மாற்ற முடியாது.

கடைக்குப் பின்னாலிருந்த பழைய குவியலை மண் போட்டு மூடினார்கள். வாடை குறைந்தது. நின்றுபோன வாடிக்கையாளர்கள் ஒருவர் இருவராகத் திரும்பி வந்தார்கள். ஆனால் அவள் காத்திருந்தது அதற்கல்ல. வேலை ஒழிந்தபோதெல்லாம் ஒன்றாம் வார்டுப் பக்கம் நடந்துபோய் வந்தாள். தலைவர் வீட்டு ஜன்னல்கள் சாத்தியிருந்தன. பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் வாசலில் கார் இல்லை. அடுத்த தடவையும் இல்லை.

லாரி ஓட்டுநர்தான் சொன்னார். "அவரு அப்பவே தம்பி வீட்டுக்குப் போயிட்டாருக்கா. அங்க ஏசி ரூமாம். வீட்டம்மாவும் அவங்க மாமியாரும்தான் இங்க."

அன்று அவள் ஒரு நல்ல புடவையைக் கருக்கிவிட்டாள். இத்தனை வருடத்தில் அது முதல் தடவை.

விருது விழாவுக்கு முன்பு ஒரு மதியம், தலைவரின் மனைவி ஒரு பையோடு கடைக்குள் வந்தாள். அவளைக் கூட்ட மேடைகளில் தூரத்திலிருந்து பார்த்ததுதான். அருகில் பார்க்கும்போது தூங்காத கண்கள்.

"நீங்கதானே லாண்டரி கவுன்சிலர்?"

"நான்தாங்க. உட்காருங்க."

அவள் உட்காரவில்லை.

"உங்க கோபம் அவர் மேல. நாத்தம் எனக்கு. மாமியார் படுத்த படுக்கை, அவங்களை விட்டுட்டு நான் எங்க போறது? அவருக்குத் தம்பி இருக்காரு, போயிட்டாரு. சாப்பிடும்போது கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திக்கறோம். அப்பவும் வருது."

கவுன்சிலர் சேர்த்துவைத்திருந்த பதில்கள் நிறைய இருந்தன. எல்லாம் தலைவருக்கானவை. இந்த முகத்துக்கு எதுவும் பொருந்தவில்லை. கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"எனக்குத் தெரியுங்க, அது எப்படி இருக்கும்னு" என்றாள் கடைசியில்.

"உங்களுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்" என்றாள் மற்றவள். பையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இதுக்காகத்தான் வந்தேன். விருது வாங்கப் போட்டுக்கிட்டுப் போறது. துவைக்க மட்டும் டிரைவர்கிட்ட கொடுத்து என்கிட்டதான் அனுப்புவாரு. உங்க கடையை விட்டதுக்கப்புறம் வேற யார் துவைச்சாலும் அவருக்கு ஆகாது. இருக்கறது தம்பி வீட்டுல, துவைக்கறது மட்டும் நான். எங்க மாடியிலதான் காயப்போட்டேன்."

கவுன்சிலர் சட்டையை எடுத்து முகர்ந்தாள். நல்ல சோப்பு மணம். அதற்கு அடியில் அவளுக்கு நன்றாகப் பழக்கமான அந்த மற்றது.

"இந்த வாடையைப் போக்க உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க."

"தெரியும். நீராவி விட்டுப் போட்டா முக்காவாசி போயிடும்." கொஞ்சம் நிறுத்தினாள். அடுத்ததைச் சொல்லாமல் விட்டுவிடலாம். மறைத்துச் செய்வதும் சுலபம். ஆனால் இந்தப் பெண்ணின் கையால் துவைத்த சட்டை இது. "நீராவி இல்லாம, கெட்டியாக் கஞ்சி போட்டு, வெறும் சூட்டுல அழுத்தினா உள்ளேயே அடங்கிக் கிடக்கும். போட்டுக்கறப்போ தெரியாது. உடம்பு சூடானாத்தான் கிளம்பும். ரெண்டும் பண்ணலாம். எப்படிப் போடட்டும்?"

தலைவரின் மனைவி அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தெருவைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள்.

"மேடையில விளக்கு நிறையப் போடுவாங்க" என்றாள். "டிவிக்காரங்க வர்றாங்க."

"ஏசி இருக்குமா?"

"பந்தல்தான். அவரை மந்திரி பக்கத்துல உட்கார வைக்கிறாங்களாம். ரொம்ப நேரம் ஆகும்."

கவுன்சிலர் சட்டையை மேசைமேல் விரித்தாள். பின்கட்டில் கணவர் துணி அலசும் சத்தம் நின்றுபோயிருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்று பொருள்.

"காலர் மட்டும் நல்லா நிக்கணும்" என்றாள் தலைவரின் மனைவி. "அவரு அதைத்தான் முதல்ல பார்ப்பாரு."

"நிக்கும்" என்றாள் கவுன்சிலர். கைநீட்டி நீராவிக் குமிழை மூடிவிட்டு, கஞ்சியைக் கெட்டியாகக் கரைத்துக் கொண்டுவரும்படி கணவரிடம் சொன்னாள்.