கூலி வாங்காத ஜெபம்

செத்தவருக்காக வெளியாட்கள் வீட்டுக்கு வந்து சொல்லும் ஒரு முழு ஜெபத்தின் விலை புனாட்டா ஊரில் ஒரு ரொட்டி. பாட்டும் பாடினால் இரண்டு. குரல் நன்றாக இருந்தால் மேற்கொண்டு ஒரு குவளை சோளக் கள். நவம்பர் முதல் தேதி நண்பகலில் வீடு தேடி வரும் ஆன்மா மறுநாள் நண்பகலில் கிளம்பும்வரை இந்த விலையில் பேரம் கிடையாது. வீட்டுக்காரர்களுடைய ஜெபத்துக்கு மட்டும் கூலி இல்லை. சொந்தக் கடையில் யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

பதினாறு வயது ஸுல்மாவின் அப்பா காசியானோவுக்கு இது மூன்றாம் வருடப் படையல், அதாவது கடைசி. நண்பகல் பன்னிரண்டு மணி அடித்ததும் படையல் மேசையைப் பிரித்துவிடுவார்கள். அப்புறம் அவர் வரமாட்டார். கரும்புத் தோரணத்தின் கீழே குழந்தை முகம் வைத்த ரொட்டிகள், அவர் ஏறிப்போக ஏணி ரொட்டி, நடுவில் அவருக்குப் பிடித்த வேர்க்கடலை சூப்பு.

சந்தையில் பானை விற்கும் அம்மா எவுலோகியா, ரொட்டிக் கூடைக்கு மகளைத்தான் காவல் வைத்திருந்தாள். தப்பான ஆளில்லை. ரொட்டி சின்னதாக இருக்கிறதே என்று முனகிய கிழவரிடம், "நீங்க சொன்ன ஜெபம் அதைவிடச் சின்னது தாத்தா" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே மறுபடி மண்டியிட்டு, விழுங்கிய வரிகளையெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் மூன்று வருடமாக ஸுல்மா மட்டும் ஒரு வரி சொல்லவில்லை. லாரி ஓட்டும்போது தூங்கிப்போனார், வண்டி பள்ளத்தில் விழுந்தது என்றுதான் அம்மா சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் 'தூங்குமூஞ்சி மகள்' என்றே பட்டப்பெயர். வீட்டை நினைத்துக் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாத மனிதருக்கு ஜெபம் ஒன்றுதான் குறைச்சல்.

பதினொன்றரைக்கு ஓர் இளைஞன் ஒரு காலை இழுத்தபடி வந்தான். முந்தைய இரண்டு வருடமும் வந்தவன்தான். ஒரு சொல் விடாமல் ஜெபித்து, பாடியும் முடித்தான். ஸுல்மா இரண்டு ரொட்டியை நீட்டினாள். அவன் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு வாசலுக்குத் திரும்பினான்.

போன இரண்டு தடவையும் இப்படியேதான் போனான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ரொட்டியை வேண்டாமென்கிற வெளியாள் புனாட்டாவில் இன்னும் பிறக்கவில்லை. அப்படியானால் இவன் வெளியாள் இல்லை. அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்திருக்கிறது! பார்க்கப் பார்க்க அந்த மூக்குகூட அப்பா மூக்காகவே தெரிந்தது.

"நில்லுங்க. எங்கப்பாவுக்கு நீங்க என்ன உறவு?"

அவன் எவுலோகியாவைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே துடைத்த தட்டை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உறவெல்லாம் இல்ல பாப்பா. பேரு ரெம்பெர்த்தோ. அண்ணன் லாரில கிளீனரா இருந்தேன்."

"அப்ப கூலிய வாங்கிக்குங்க."

"அண்ணன் அன்னிக்கே குடுத்துட்டாரு."

தரையைப் பார்த்தபடி சொன்னான். யாரும் தூங்கவில்லை. மழையில் சாலை சரிந்தது. காசியானோ குதித்துத் தப்பிவிட்டார். விளிம்பில் தொங்கிய வண்டிக்குள் இவனுடைய கால் மாட்டியிருந்தது. அவர் திரும்பி ஏறி, ஜாக்கிக் கம்பியால் நெம்பி இவனை வெளியே தள்ளினார். வண்டி அவரோடு போனது.

ஸுல்மா அம்மாவைப் பார்த்தாள்.

"நான்தான் இவன் வாயை அடைச்சேன்," என்றாள் எவுலோகியா. "தூங்கிட்டாருன்னா விதின்னு விட்டுடலாம். முழுசா தப்பிச்சு நின்ன மனுசன் திரும்பிப் போனாருன்னா, நம்மள நெனைக்கலையான்னு நீ கேப்ப. எங்கிட்ட பதில் இல்லடி. நானே இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

"நெனைச்சாரு அக்கா," என்றான் ரெம்பெர்த்தோ. "நீங்கதான் என்னை முழுசா பேசவே விடலயே. நெம்பும்போது என்னைத் திட்டிக்கிட்டே இருந்தாரு. 'சீக்கிரம் காலை உருவுடா கழுதை, வீட்டுல ரெண்டு பேரும் சாப்பிடாம இருப்பாங்க, சூப்பு ஆறிடும்'னு."

விபத்து நடந்த அன்றைக்கு எவுலோகியா வைத்ததும் வேர்க்கடலை சூப்புதான். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. ஸுல்மா மேசைமுன் மண்டியிட்டாள். மூன்று வருட நிலுவையும் சேர்ந்ததுபோல் ஜெபம் நிதானமாக வந்தது. பாட்டும் பாடினாள், சுருதி எங்கெங்கோ போனது. நன்றி என்ற ஒரு சொல்லை மட்டும் அவளாகவே இடையில் சேர்த்துக்கொண்டாள்.

கோயில் மணி அடித்தது. மேசையைப் பிரித்தார்கள். எவுலோகியா சூப்பைச் சூடாக்கி ரெம்பெர்த்தோவின் முன்னால் வைத்தாள்.

"இது கூலி இல்ல தம்பி, சாப்பாடு. ஆறறதுக்குள்ள குடி."

அவன் மறுக்கவில்லை.

ஸுல்மா கூடையை எண்ணினாள். சுட்டது இருநூறு. கொடுத்தது நூற்றுத் தொண்ணூற்றாறு. மிச்சம் நான்கு: ரெம்பெர்த்தோ பாடியதற்கு இரண்டு, அவள் பாடியதற்கு இரண்டு. வீட்டுக்காரர்கள் கூலி வாங்குவதில்லை. சரியாக இருந்தது.