நீல வட்டம் போட்ட தகரம்

மலாயாவின் வெள்ளைக்கார அரசாங்கத்தார் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் மூன்று தோட்ட லயங்களைக் காலி செய்து, எல்லாக் குடும்பங்களையும் லோரியில் ஏற்றி, தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே ஒரே முள்வேலிக்குள் இறக்கினார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கொடுத்துவிடக் கூடாதாம். வீடுகள் மளமளவென்று எழுந்துவிட்டன. குழாய் மட்டும் ஒன்றுதான்.

அதனால் ஆட்களுக்குப் பதிலாக மண்ணெண்ணெய்த் தகரங்கள் வரிசையில் நின்றன. ஆளுக்கொரு தகரம். நோயாளி இருக்கும் வீட்டுக்கு, எல்லாரும் பிடித்த பிறகு இன்னொன்று. கங்காணி செல்லையா போட்ட சட்டம் அது.

வேலாயி நான்கு தகரம் வைப்பாள். தனக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு இரண்டு, நீல வட்டம் போட்டது புருஷன் சின்னையாவுக்கு. அவருக்குக் காய்ச்சல் என்று கடைசியில் அதே தகரத்தில் கூடுதல் தண்ணீரும் பிடிப்பாள். வீட்டுக்குள் போர்வைக்கு அடியில் கிடந்ததோ சுருட்டிய சாக்கு. பழைய லயத்தில் இருமினால்கூட யாரென்று தெரியும். மூன்று லயம் கலந்த கூட்டத்தில் ஓர் ஆள் குறைந்தது யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தால், காட்டுக்குப் போனவனின் குடும்பம் என்று அவளையும் பிள்ளைகளையும் தடுப்பு முகாமுக்கு ஏற்றிவிடுவார்கள்.

அன்று காலை குழாயில் தண்ணீர் நூலாக வந்தது.

"துரை நமக்கு ஒரு கோலாலம்பூரையே கட்டிக் குடுத்துட்டாரு லா," என்றாள் நாகரத்தினம். "ஆத்த மட்டும் கொண்டாற மறந்துட்டாரு."

வரிசை சிரித்தது. முள்வேலி கேட்டில் நின்ற போலீஸ்காரன் திரும்பிப் பார்த்தான்.

நோயாளிகளின் முறை வந்தபோது குழாய்த் தொட்டியில் ஒரு தகரத்துக்குத்தான் தண்ணீர் மிஞ்சியது. நின்றவர்கள் இரண்டு பேர்: வேலாயியும், பக்கத்து வீட்டு மணியம்மாவும். மணியம்மாவின் தோளில் கிடந்த குழந்தைக்கு முந்தாநாளிலிருந்து வயிற்றுப்போக்கு. உதடு வெடித்திருந்தது.

"அக்காதான் முன்ன வந்தாங்க," என்றாள் மணியம்மா. "அண்ணனுக்கே குடுங்க. நான் எப்படியாச்சும் பாத்துக்கறேன்."

கங்காணி நீல வட்டத் தகரத்தைக் குழாயடியில் வைத்தார். வேலாயி அதைக் காலால் தள்ளிவிட்டு மணியம்மாவின் தகரத்தை இழுத்து வைத்தாள்.

"என்னா புள்ள, சின்னையாவுக்கு வேணாமா?"

"அவருக்கு இப்பத் தேவலாம்."

"அப்படியா! சாக்குக்குள்ள பூந்த பூன மாதிரி ஒரு வாரமா கெடக்கறானே. நாளைக்கு வேலைக்குப் பேர் குடுக்கணும். இரு, நானே எழுப்பிட்டு வரேன்."

அவர் வேலாயியின் வீட்டை நோக்கி நடந்தார். கதவு சும்மா சாத்தியிருந்தது. பிள்ளைகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தன; போர்வையை இழுத்தால் சாக்குதான் இருக்கும். மணியம்மாவின் தகரத்தில் தண்ணீர் பாதிக்கு வந்திருந்தது.

"போவாதீங்க கங்காணி," என்றாள் வேலாயி. குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. போலீஸ்காரன் மறுபடி திரும்பினான்.

"அவரு உள்ள இல்ல. அன்னைக்கு லோரியிலயே ஏறல."