முழங்காலோடு நின்றுபோன ஷட்டர்கள்

தையற்காரரின் வலது காலுக்குப் பேசி முடித்த விலை ஒன்றேகால் லட்சம். பணம் கைமாறிய மறுநாள் காலை, அவர் கடை ஷட்டரில் கார் மோதி விழுந்திருந்த ஒடுக்கு மறைந்துவிட்டது. தெருவின் மற்ற ஷட்டர்கள் அத்தனையிலும் முழங்கால் உயரத்தில் அதே ஒடுக்கு விழுந்திருந்தது. எந்த ஷட்டரும் அதற்குக் கீழே இறங்கவில்லை.

அந்தத் தெருவில் முன்பு ஒன்பது மதுக்கடைகள். குடித்தவர்கள் தள்ளாடி நடந்தே வீடு போனார்கள். மிஞ்சிப்போனால் சாக்கடையில் விழுந்து, காலையில் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். தெருவுக்கு மரியாதை வேண்டுமென்று வியாபாரிகள் சங்கத் தலைவரான இரும்புக்கடைக்காரர் கடை கடையாகக் கையெழுத்து வாங்கி, ஒன்பதையும் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலைக்குத் துரத்தினார். தெரு பளிச்சென்று ஆனது. குடிப்பவர்களில் ஒருவர்கூடக் குறையவில்லை. கையெழுத்துப் போட்டவர்களே சாயங்காலமானால் வண்டிச் சாவியைத் தேடினார்கள். தலைவரின் தம்பி அப்படிப் போய்த் திரும்புகையில்தான், ஷட்டரைப் பூட்டக் குனிந்திருந்த தையற்காரரை இடித்தான். மெஷின் மிதிக்கும் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

பட்டறைக்காரர் ஒடுக்குகளைத் தட்டி நிமிர்த்தினார், விடிவதற்குள் திரும்பிவிட்டன. கடைகள் இராப்பகலாகத் திறந்து கிடந்தும் ஓர் ஆணிகூடக் களவு போகவில்லை. திருடனுக்கே அந்தத் தெருவில் கால்வைக்கக் கூசியது.

தலைவர் இன்னும் கொஞ்சம் பணத்தோடு தையற்காரரிடம் போனார்.

"காலுக்குத்தான் குடுத்துட்டீங்களே முதலாளி, இது எதுக்கு?"

"ஷட்டர் மூட மாட்டேங்குதுப்பா. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன்."

"உங்க தம்பியை அன்னைக்கே மன்னிச்சாச்சு. அவனாவது போதையில இருந்தான். நாம எல்லாம் தெளிவா இருந்துதானே கையெழுத்துப் போட்டோம்?"

"நீயும்தானே போட்ட?"

"போட்டேன். அதான் என் பங்கு போயிடுச்சே."

தலைவர் பணத்தோடு தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார். அடுத்த மாதம் அவரே அலைந்து இரண்டு மதுக்கடைகளைத் தெருவுக்கு அழைத்துவந்தார். ஒன்று தன் கடையை ஒட்டினாற்போல. தம்பி நடந்து வீடு வரத் தொடங்கினான். ஷட்டர்கள் மட்டும் இறங்கவில்லை. தையற்காரர் மோட்டார் மெஷின் வாங்கினார். அதன் சத்தம் இடுக்கு வழியே எல்லாக் கடைக்குள்ளும் கேட்டது, யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பின்னாளில் புதிதாகக் கடை போட வந்தவர்கள், தெரு வழக்கம் போலும் என்று, குட்டை ஷட்டராகவே செய்யச் சொன்னார்கள்.

கையெழுத்துப் போட்டவர்கள் நாற்பத்தொருவர். செலுத்தியவர் ஒருவர். பாக்கி நாற்பது.