கம்பளம் தட்டிய இடம்

ஊரிலேயே அழுக்குப் பனி எங்கே என்று கேட்டால், செம்பு உருக்காலை வாசல் என்று கைக்குழந்தைகூடச் சொல்லும். ஆனால் மார்ச் மாதம் நகராட்சி ஒட்டிய காகிதம் வேறு கதை சொன்னது. ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்ததில், பதினான்காம் எண் குடியிருப்புக்குப் பின்னாலிருக்கும் காலி மனையின் பனியில்தான் செம்பும் ஈயமும் துத்தநாகமும் ஊரிலேயே அதிகமாம். ஆகவே அங்கே பாலர் பள்ளி கட்ட முடியாதாம். வியாபாரி போர்ட்னோவ் கேட்டபடி டயர் கிடங்குக்கு மனையை ஒதுக்கலாமாம்.

அல்ஃபியா அதை இரண்டு தரம் படித்தாள். அவள் அந்தக் குடியிருப்புக்காரி, டிராம் ஓட்டுகிறவள். அந்தப் பள்ளிக்காக மூன்று வருஷமாக அவள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. நாலு வயசு இரட்டைப் பெண்கள் இரண்டையும் மூட்டை மாதிரி போர்த்தி, மைனஸ் இருபத்தைந்து குளிரில் ஏழு நிறுத்தம் தாண்டியிருக்கும் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு, அப்புறம்தான் டிப்போவுக்கு ஓட வேண்டும். போன மாதம் மட்டும் மூன்று நாள் தாமதம். இன்னொரு நாள் பிந்தினால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே பள்ளி வரப்போகிறது என்றுதான் பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

"அந்த ஆய்வகக்காரிக்கு போர்ட்னோவ் நாலு டயர் தள்ளியிருப்பான்!" என்று கத்தினாள் மூன்றாம் மாடி கிளாவா அத்தை.

"அவ பஸ்லதானே அத்தை வர்றா? அவளுக்கு எதுக்கு டயர்?"

"வித்துக்குவாடி!"

அத்தனை எரிச்சலிலும் அல்ஃபியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாளைக்கே அந்த ஆய்வகக்காரியை மனைக்கு வரவழைத்து நாலு கேள்வி கேட்பது என்று குடியிருப்பே முடிவு செய்தது.

சாயங்காலம் அவள் புருஷன் ரயீஸ் வேலை முடிந்து வந்தான். உருக்காலையில் உலை பார்க்கிறவன். வழக்கம்போல பூட்ஸோடு கூடத்துக் கம்பளத்தை மிதித்துக்கொண்டு உள்ளே போனான்.

"யோவ்! எத்தனை தடவை சொல்றது? புதுவருஷத்துக்குத்தான் பனியில போட்டு அந்தத் தட்டு தட்டினேன், எவ்வளவு கருப்பு..."

பேச்சு அப்படியே நின்றது.

டிசம்பர் கடைசியில் மாவு மாதிரி உலர்ந்த புதுப்பனி விழுந்திருந்தது. கம்பளத்தைத் தூக்கிக்கொண்டு காலி மனைக்குப் போய், கவிழ்த்துப் போட்டுத் தட்டித் தீர்த்தாள். தூக்கியபோது பனியில் கம்பளத்தின் அளவுக்கு ஒரு கரிய சதுரம். இவ்வளவு அழுக்கை எடுத்துவிட்டோம் என்று பெருமை வேறு! மறுநாள் விழுந்த பனி அதை மூடிவிட்டது. ரயீஸ் எட்டு வருஷமாக ஆலையிலிருந்து சுமந்து வந்த தூசு அத்தனையும் அதற்கடியில்.

"யாருகிட்டயும் மூச்சு விடாத," என்றான் ரயீஸ், விஷயத்தைக் கேட்டதும். "தெரிஞ்சா ஊரே உன்னைத் தின்னுடும்."

"சொல்லலைன்னா பள்ளிக்கூடம் போயிடும்."

கூரை விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ ஆரம்பித்திருந்தது. குளிர்காலம் முழுக்கச் சேர்ந்த பனியை உருகுமுன் குழாய் இறக்கி எடுத்துப் பார்ப்பார்கள். வருஷத்துக்கு ஒரே தடவை. இன்னும் இரண்டு நாள் வெயில் அடித்தால் எல்லாம் சாக்கடைக்குப் போய்விடும்.

மறுநாள் காலை இனெஸ்ஸா யூரியெவ்னா என்கிற அந்த ஆய்வகக்காரி, கையில் குழாயோடு மனைக்கு வந்தாள். கிளாவா அத்தை வாயைத் திறக்கும் முன்பே அல்ஃபியா முந்திக்கொண்டாள்.

"இனெஸ்ஸா யூரியெவ்னா, தப்பு உங்க மேல இல்லீங்க. நான்தான் இங்க கம்பளம் தட்டினேன்."

அல்ஃபியாவின் காது இரண்டும் சுட்டது. பிறகு கிளாவா அத்தை தொண்டையைச் செருமினாள்.

"பெரிய கம்பளம் தட்டிட்டா இவ! நான் ரெண்டு தட்டினேன். அந்த வேலியோரம்."

"நாங்க இங்க," என்றது ஒரு குரல். "நாங்க அதுக்குப் பக்கத்துல," என்றது இன்னொன்று. எண்ணிப் பார்த்தால் இருபத்துமூன்று கம்பளம். ஒவ்வொருத்தியும் தான் ஒருத்திதான் என்று நினைத்து ராத்திரி பூரா தூங்காமல் கிடந்திருக்கிறாள்! குடியிருப்பில் பாதிப் பேர் புருஷன்மார் ஆலைக்காரர்கள்தானே.

இனெஸ்ஸா யூரியெவ்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "குழாய்ல எடுத்த பனிக்கு நடுவுல ஒரு சாம்பல் நிறக் கோடு இருந்துச்சும்மா. டிசம்பர்ல ஆலைப் புகை ஜாஸ்தின்னு அதைப் பத்தி ஒரு பக்கம் எழுதி வச்சிருக்கேன்!" சிரிப்பு அடங்கியதும் சுற்றுமுற்றும் பார்த்தாள். "இப்பவே மறுபடி எடுக்கலாம். ஆனா காலும் கம்பளமும் படாத பனி வேணும். எங்க இருக்கு?"

எங்கே இருக்கிறது? எங்கே காட்டினாலும் "அது நாங்க தட்டின இடம்" என்றாள் ஒருத்தி. அல்ஃபியாவுக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் மூலையிலிருந்த சங்கிலி கண்ணில் பட்டது.

கிடங்கு தனக்குத்தான் வரும் என்ற தைரியத்தில் போர்ட்னோவ் நவம்பரிலேயே அந்த மூலையில் நாலு கம்பம் நட்டுச் சங்கிலி போட்டிருந்தான். சங்கிலிக்குள் இடுப்பளவு பனி, ஒரு கால்தடம் கிடையாது. இவர்கள் அந்தப் பக்கம் திரும்பியதுமே போர்ட்னோவே ஓடி வந்துவிட்டான்.

"யாரும் உள்ள கால் வைக்கக் கூடாது!"

"கெனாதி சவேலிச்," என்று போர்ட்னோவை மரியாதையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் அல்ஃபியா, தேன் ஒழுகும் குரலில். "இதுக்குள்ள யாராச்சும் கம்பளம் தட்டினாங்களா?"

"என் இடத்துலயா? இந்தக் கிளாவா வந்துச்சு, துரத்தி விட்டேன். நவம்பர்லேர்ந்து ஒரு பூனையைக்கூட விடலையே!"

"அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள் இனெஸ்ஸா யூரியெவ்னா.

இடம் நவம்பரிலிருந்து தன் கையில் இருப்பதற்கு அத்தாட்சி கிடைக்கிறது என்று மனுஷனுக்கு ஒரே குஷி. தேதி போட்டு, முழுப் பெயரும் எழுதி, கோணலில்லாமல் கையெழுத்துப் போட்டான். சங்கிலியையும் அவனே அவிழ்த்துவிட்டான். ஐந்து இடத்தில் குழாய் இறங்கியது. கிளாவா அத்தை சிரிப்பை அடக்கச் சால்வை நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

பத்து நாள் கழித்துப் புதுக் காகிதம் ஒட்டினார்கள். காலி மனையின் பனி, ஊர்ப் பூங்காப் பனியைவிடச் சுத்தம். பாலர் பள்ளிக்கு அனுமதி. கீழே, பனி யாரும் தொடாதது என்பதற்குச் சாட்சி: கெ. ச. போர்ட்னோவ்.

அல்ஃபியா படித்துவிட்டு கிளாவா அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே வீட்டுக்குப் போய் கூடத்துக் கம்பளத்தைச் சுருட்டி ரயீஸின் தோளில் ஏற்றினாள்.

"எங்கடி கொண்டுபோய்த் தட்டச் சொல்ற?"

"உங்க ஆலை வாசல்ல. எங்கேர்ந்து வந்துச்சோ அங்கேயே கொட்டிட்டு வா."