வெள்ளைக்காரன் கோட்டு

"ஏ தாயி, இந்த வெள்ளக்காரிய என்ன செய்ய? திருப்பிப் போடவா, இப்படியே இருக்கட்டுமா?"

வள்ளித்தாய் அத்தை நாற்காலி மேல் ஏறி நின்று கேட்டாள். சாமிப் படங்களையெல்லாம் சுவரைப் பார்க்கத் திருப்பி முடித்திருந்தாள். சாவு வீட்டில் சாமி முகம் தெரியக்கூடாது. ஆனால் பக்கத்து விளம்பரப் படத்தில் பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு பல் அத்தனையும் தெரியச் சிரிக்கிற அமெரிக்கக்காரிக்கு என்ன முறை என்று யாருக்குத் தெரியும்?

"எல்லாத்தையும் திருப்பு அத்த," என்றாள் செல்வலட்சுமி. "இங்க சிரிக்க ஒண்ணுமில்ல."

கீழே அவள் அய்யா சங்கிலிமுத்து கிடந்தார். விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காரியாபட்டியிலிருந்து மகள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சிவகாசி பிரஸ்ஸில் மிஷின் ஓட்டியவர். அந்தக் காலத்து அமெரிக்கப் பத்திரிகை விளம்பரங்களை அங்கே பெரிய தாளில் அச்சடித்து, வெளிநாட்டுக்காரர்கள் வீட்டில் மாட்டிக்கொள்ள அனுப்புவார்கள். கலர் பிசகிய தாள்களை அய்யா கேட்டு வாங்கிவந்து சட்டம் போட்டுவிடுவார். கார் விளம்பரத்தில் ஒரு குடும்பம், சோப்பு விளம்பரத்தில் ஒரு குடும்பம். ஆனைக்குட்டம் ஊரில் இப்படி ஒரு கூட்டுக்குடும்பம் வேறெங்கும் கிடையாது. அவர் குடும்பம்தான் அங்கே இல்லை. அம்மா செத்ததும் ஐந்து வயது மகளை அத்தை வீட்டில் விட்டவர், சீசன் முடியட்டும், கூட்டிப் போகிறேன் என்றார். சிவகாசியில் எந்த சீசன் முடிந்திருக்கிறது? காலண்டர் முடிந்தால் டைரி, டைரி முடிந்தால் பள்ளிக்கூட நோட்டு.

செல்வலட்சுமிக்கு இன்று வேண்டியது ஒன்றுதான். அய்யாவின் ஒரு போட்டோ. பீரோ, டிரங்குப் பெட்டி, தலையணை உறை வரை தேடிவிட்டாள். அவள் கல்யாண ஆல்பத்தில்கூட அவர் கிடையாது. படம் எடுக்கிற நேரம் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றாராம். ஊர் பேர் தெரியாதவனையெல்லாம் சுவரில் ஏற்றத் தெரிந்த மனுஷனுக்கு, பெற்ற மகளோடு ஒரு தடவை நிற்கத் தெரியவில்லை. அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"ஆதார் கார்ட பிரஸ்ஸுக்குக் குடுத்துவிட்டுருக்கேன்," என்றாள் அத்தை. "அதுல உள்ள போட்டோவப் பெருசாக்கிக் கொண்டாருவாக."

சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பிக் கலைந்த பிறகுதான் பிரஸ்ஸில் டிசைன் போடும் பாண்டிச்செல்வம் பிரேம் போட்ட போட்டோவைக் கொண்டுவந்தான். அய்யா கிடந்த இடத்தில் எரிந்த விளக்குக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தான்.

"எங்கண்ணனா இது? தொரை மாதிரில்ல இருக்காக," என்றாள் அத்தை.

முகம் அய்யாவுடையது. கழுத்துக்குக் கீழே சாம்பல் நிறக் கோட்டு, கோடு போட்ட டை. அரைக்கைச் சட்டையைத் தவிர வேறெதுவும் போட்டறியாத மனுஷன்.

"ஆதார்ல கழுத்து வரைக்கும்தானக்கா இருக்கு. வெறும் தலையவா குடுக்க முடியும்?" என்றான் பாண்டிச்செல்வம். "நம்ம பக்கம் அஞ்சலி போஸ்டர்ல கோட்டு போட்டு நிக்கிறவுக பாதிப்பேருக்கு எங்க கம்பெனி விளம்பரப் படத்து வெள்ளக்காரன் கோட்டுதான். எப்பவும் போடுறது முத்தண்ணனுக்குப் பெருசா இருந்துச்சு. அதான் வேற விளம்பரத்துலருந்து எடுத்தேன்."

செல்வலட்சுமி குனிந்து பார்த்தாள். முழங்கைக்குக் கொஞ்சம் மேலே, கோட்டுத் துணியை இறுக்கிப் பிடித்தபடி நான்கு சின்ன விரல்கள் இருந்தன. விரல்கள் மட்டும்தான். அதற்கப்புறம் யாரும் இல்லை.

"இது என்ன தம்பி?"

அவன் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "அந்த விளம்பரத்துல அப்பன் கையப் பிடிச்சிக்கிட்டு ஒரு பாப்பா நிக்குமக்கா. பாப்பாவ எடுத்துட்டேன், வெரல விட்டுட்டேன் போல. அவசரம். குடுங்க, அழிச்சிட்டு காலையில வேற போட்டுத் தாரேன்."

"வேணாம்."

"வர்றவுக கேப்பாகக்கா."

"கேக்கட்டும்."

அத்தை செவ்வந்தி மாலையைக் கொண்டுவந்து போட்டாள். பருமனான மாலை, கைப்பக்கம் முழுவதும் மறைந்துபோனது. பாண்டிச்செல்வம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். பிறகு செல்வலட்சுமி மாலையை மெல்ல நெஞ்சுப் பக்கம் ஒதுக்கிவிட்டு, கண்ணாடியில் அந்த விரல்கள் தெரிந்த இடத்தை மட்டும் முந்தானையால் துடைத்தாள்.