இரண்டு வருஷம் யார் பார்ப்பது

அவன் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். ஆறு வயது மகளுக்கு அடிக்கடி வலிப்பு வரும். பெற்றவள் போய்ச் சேர்ந்ததிலிருந்து அப்பாவும் அவனே, அம்மாவும் அவனே.

அன்று காலை பள்ளியிலிருந்து போன். மகளுக்கு வலிப்பு. ஓட்டிக்கொண்டே போனைக் காதில் வைத்தவன், எதிரே சைக்கிளில் வந்த வெல்டரைப் பார்க்கவே இல்லை. வேன் மோதி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அந்த மனிதர் இறந்துபோனார்.

குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டனை சொல்லும் நாளில் அவனுடைய வக்கீலம்மா, "இவர் உள்ள போயிட்டா அந்தக் குழந்தைய கூடவே இருந்து பாத்துக்க ஆளில்லைங்க" என்று மன்றாடினார். குழந்தையின் வலிப்பைப் பற்றி டாக்டர் கொடுத்திருந்த கடிதத்தை நீதிபதி இரண்டு முறை படித்தார். பிறகு வெல்டரின் மனைவியைப் பேசச் சொன்னார்.

"குழந்தைய நெனச்சா பாவமாத்தான் இருக்குங்க ஐயா. ஆனா என் ரெண்டு பிள்ளைங்களும் வாசல்ல சைக்கிள் சத்தம் கேட்டா இன்னும் எழுந்து ஓடுதுங்க. அதுங்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

அவனால் தலை நிமிர முடியவில்லை. அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். நாலு வருஷம் தர வேண்டியது, பிள்ளைக்காக இரண்டாகக் குறைத்திருக்கிறேன், அதற்குக் கீழே போக என்னால் முடியவில்லை என்றார்.

பிள்ளையை இனி அவனுடைய அக்காதான் பார்க்க வேண்டும்; வராந்தாவில் அவளோடு பேசப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள்.

"மாத்திரையப் பொடி பண்ணி வாழைப்பழத்துல வச்சுக் குடு அக்கா. தண்ணியில கலந்தா துப்பிடுவா. வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வை, வாயில எதையும் வைக்காத. அஞ்சு நிமிஷம் தாண்டினா..."

"மெதுவா சொல்லுடா." அக்கா விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டாள். "வரப்போகுதுன்னு முன்னாடியே எப்படித் தெரியும்?"

மகளின் முகத்தில் ஏதோ ஒன்று மாறும். கண்ணா, உதடா? எவ்வளவு யோசித்தும் அவனுக்குச் சொல்ல வரவில்லை.

"பாத்துக்கிட்டே இரு அக்கா. கண்ண எடுக்காத."

"நான் மில்லுக்குப் போக வேண்டாமாடா?"

போலீஸ்காரர் அவன் தோளைத் தொட்டார். "நேரமாச்சுப்பா."

மூன்றாம் வாரம் அக்கா சிறைக்கு வந்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து முதலில் அழுதாள். அவள் வேலைக்குப் போயிருந்தபோது பிள்ளை வலிப்பு வந்து மாடிப்படியில் விழுந்துவிட்டாளாம். நெற்றியில் ஏழு தையல். இப்போது அரசாங்கக் காப்பகத்தில் இருக்கிறாள்.

"என்னால முடியலடா தம்பி. மன்னிச்சிடு."

"மாத்திரை?" என்றான். "பழத்துல வச்சுத்தான் குடுக்கணும்னு அங்க சொன்னியா?"

"சொன்னேன். அங்க நாப்பது பிள்ளைங்கடா."