இரண்டாவது தட்டு

1

இந்தக் கதை நானாக யோசித்து எழுதுவதல்ல. தொண்ணூற்றொரு வயதான ஜேர்மன் பேராசிரியை ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். என் ஜேர்மன் போதாது என்று சாக்குச் சொன்னேன். "அப்படியானால் உங்கள் மொழியில் எழுதித் தாருங்கள்" என்றார். "நாற்பது வருடத்துக்கு முன் உங்களை அரைகுறை ஜேர்மனில் பேச வைத்தது என் பிழை." கதை எழுதுகிறவனிடம் பதில் கேட்டால் இப்படித்தான், கதையாகத்தான் வரும்.

[மெலிசா, நீ என் பழைய அறைத்தோழன் அலெக்ஸாண்டரின் மகள், ஜேர்மனியில் வளர்ந்தவள், இரண்டு மொழியும் தெரிந்தவள். ஆகவே இதை மொழிபெயர்க்கப் போகிறவள் நீதான். அடைப்புக்குள் இருப்பவை உனக்கு. வாசகர்களும் எட்டிப் பார்ப்பார்கள், பரவாயில்லை.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சமூகவியலாளரும் தத்துவவாதியுமான இர்ம்கார்ட் வோஸ்லர், 1934இல் ஒரு ரயில்வே ஊழியரின் மகளாகப் பிறந்து' – விட்டுவிட்டேன். மரண அறிவித்தல் மாதிரி இருக்கிறது. மனுசி உயிரோடு இருக்கிறார்.

இரண்டாவது தொடக்கம்: 'போருக்குப் போன அண்ணன் திரும்பி வரவில்லை. அந்த வீட்டில் யாரும் அவனைப் பற்றிப் பேசவில்லை. அவன் உட்காரும் கதிரையைச் சுற்றி நடந்து பழகினார்கள்.' இது எனக்குப் பிடித்திருக்கிறது. இர்ம்கார்ட்டின் தத்துவம் முழுவதும் அந்தக் கதிரையிலிருந்து வந்ததுதான். சமூகம் என்பது இருப்பவர்களால் மட்டும் ஆனதல்ல, வராமல் போனவர்களும் அதில் உறுப்பினர்கள் என்று எழுதினார். கூட வேலைசெய்த ஆண்கள் அது சமூகவியல் இல்லை, கவிதை என்று சிரித்தார்கள். ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். ஐம்பது வயது தாண்டியும் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை.

ஆதாரம் தேடித்தான் 1986இல் எங்கள் ஹைமுக்கு வந்தார். ஹைம் என்றால் அகதிகளைத் தங்கவைத்த விடுதி.

3

நானும் அலெக்ஸாண்டரும் ஓர் அறை. எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. அலெக்ஸாண்டர் ஓர் உணவகத்தில் களவாகக் கோப்பை கழுவினான். அவன் வந்து சாப்பிடுவதற்காகச் சோறு போட்டு மூடி வைத்திருந்தேன். இர்ம்கார்ட் ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்தார். சுற்றிப் பார்த்தார்.

"அந்த இரண்டாவது தட்டு யாருக்கு?"

அவர் அரசாங்கத்து ஆள் இல்லை என்று நான் எப்படி நம்புவது? பிடிபட்டால் அலெக்ஸாண்டரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன்.

"அண்ணனுக்கு" என்றேன். "காணாமல் போய்விட்டார். ஒவ்வொரு நாளும் வைப்பேன்."

"பெயர்?"

"அமிர்தநாதர்."

அது எங்கள் ஊர்த் தபால்காரருடைய பெயர். எனக்கு அண்ணன் இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை.

இர்ம்கார்ட் அழுதார். அழுதபடியே தட்டைப் படம் எடுத்தார்.

[மெலிசா, உன் அப்பா வந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டார். ஆறிப்போச்சு என்று என்னை ஏசினார். உனக்கு இதைச் சொல்லியிருக்க மாட்டார்.]

4

'இரண்டாவது தட்டு' அவருடைய புத்தகத்தின் ஆறாம் அத்தியாயமாயிற்று. அதன்பிறகு பேராசிரியர் பதவி, பல நாடுகளில் விரிவுரைகள், மாணவர்கள்.

எனக்கு அமிர்தநாதர் கிடைத்தார். நான் கனடாவுக்கு வந்தபோது அவரும் கூட வந்தார். கனவில் மோர்னிங்சைட் வீதிப் பஸ்ஸின் கடைசி இருக்கையில் இருப்பார். மடியில் தபால் பை. வெளியே பனி கொட்டும், பஸ் சத்தமில்லாமல் ஓடும், நான் இறங்கும் தரிப்பு வரவே வராது. வருடத்துக்கு வருடம் அவருக்கு வயது ஏறியது. ஒருமுறை கண்ணாடி போட்டிருந்தார். நான் சொன்ன முதல் கதை அவர். அவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

(இந்த இடத்தில் கதையை நிறுத்தியிருந்தால் அழகாக இருந்திருக்கும்.)

பெண் பார்க்கப் போன வீட்டில் பேர்ணடெற்றிடமும் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஒருநாள் சொன்னாள்: "காணாமல் போன மனிசனுக்குச் சோறு வைக்கிற ஆள், என்னை ஒருநாளும் விட்டிட்டுப் போகாது எண்டு நினைச்சன்."

அமிர்தநாதர் திரும்பிவர வேண்டுமென்று பத்து வருடம் செபித்தாள். பிறகு நம்பிக்கை விட்டு, ஒவ்வொரு கார்த்திகையும் அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்குத் தேவாலயத்தில் பூசை கொடுக்கிறாள்.

5

பேர்ணடெற் யூனியன்வில்லில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். போன மாசி போன் எடுத்தாள்.

"இஞ்சை ஒரு ஜேர்மன் மனுசி வந்திருக்கிறா. மகன் பக்கத்திலை, மார்க்கம் ரவுணிலையாம். இங்கிலிஷ் எல்லாம் மறந்துபோனா. ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்கேல்லை. நீங்கள் ஒருக்கா வந்து கதையுங்கோவன்."

போனேன். யன்னல் முழுக்க வெள்ளை. அறையே மிதப்பதுபோல் இருந்தது. மனுசியின் தலையைப் பேர்ணடெற் வாரிக்கொண்டிருந்தாள். முதலில் அடையாளம் கண்டது இர்ம்கார்ட்தான்.

புத்தகத்தின் கடைசிப் பதிப்புக்காகப் பழைய ஒலிநாடாவைக் கேட்டாராம். "அண்ணனின் பெயரைச் சொல்ல முன் நான்கு விநாடி யோசித்தீர்கள். சொந்த அண்ணனின் பெயருக்கு யாரும் அவ்வளவு யோசிப்பதில்லை. அவர் இருந்தாரா? இல்லையென்றால் அத்தியாயத்தை எடுத்துவிடுவேன். கோபிக்க மாட்டேன். பிழையோடு சாக விருப்பமில்லை."

"என்னவாம்?" என்றாள் பேர்ணடெற்.

"முந்தி ஹைமிலை என்னைப் பேட்டி எடுத்த மனுசி. அண்ணையைப் பற்றிக் கேக்கிறா."

"பாவம், இங்கிலிஷை மறந்தும் அவரை மறக்கேல்லைப் பாருங்கோ."

6

முடிவு அ: 'இருந்தார்' என்கிறேன். இர்ம்கார்ட் நிம்மதியாகக் கண்ணை – இல்லை. ஒரே பொய்யை ஒரே ஆளிடம் இரண்டாம் தடவை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முடிவு ஆ: 'இல்லை' என்கிறேன். அவர் சிரித்து, 'ஒருபோதும் இல்லாதவரும் உறுப்பினர்தான்' என்கிறார். இதையும் அடித்துவிட்டேன். என்னை மன்னிப்பதற்காக நானே அவர் வாயில் வைத்த வசனம் அது. ஆயுள் முழுக்க ஆதாரம் கேட்கப்பட்ட மனுசி அப்படிச் சொல்ல மாட்டார்.

7

நான் எழுதுவதை முதலில் வாசிப்பவள் பேர்ணடெற். இன்று பின்னேரம் ஒன்றாம் பகுதி தொடக்கம் ஆறாம் பகுதி வரை சமையலறை மேசையில் வைத்துவிட்டுக் காருக்குள் போய் இருந்துகொண்டேன். கோழைத்தனம்தான். கண்ணாடியைப் பனி மூடும்வரை இருந்தேன்.

திரும்பி வந்தபோது தாள்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"அப்ப, இவ்வளவு வருசமும் நான் ஆருக்குப் பூசை குடுத்தனான்?"

நான் குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன்.

"அந்த மனுசி அத்தியாயத்தை எடுத்திடுவா. அவவின்ரை புத்தகம் சரியாயிடும். நான் செபிச்சதை என்னெண்டு எடுக்கிறது?"

[மெலிசா, இதுவரை மொழிபெயர்த்து அனுப்பிவிடு. பேராசிரியைக்கு அவருடைய பதில் கிடைத்துவிட்டது.]

பேர்ணடெற்றுக்கு மூன்று பதில் எழுதிப் பார்த்தேன். மூன்றும் கதைகாரனின் பதில்கள், கிழித்துவிட்டேன். அவள் எழுந்து போகவில்லை. எனக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறாள். நான் எதைச் சொன்னாலும் இனி நம்ப மாட்டாள். வாசிக்கிற நீங்கள் அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.